கரடிக்காது
ஆல்ப்சு மலையின் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் மஞ்சள் நிறமாய்ப் பூக்கும் சிறு செடி ஒன்றுக்கு 'ஆரிகுலா' என்று பெயர். இலத்தீனில் அதற்குச் சிறுகாது என்பது பொருள். தடித்த இலையைக் கண்டு 'கரடிக்காது' என்றும் மேலை நாட்டார் அழைத்தனர். காதுடைய செடிக்குக் கேட்குமோ என்று மாணவர் நகைக்கலாம். நம் இலக்கணமோ உவமையாகுபெயர் என்று அமைதி கூறிவிடும். 'பிரிமுலா' என்னும் இனப்பெயர், இளவேனிலில் முந்தி மலர்வதால் வந்த காரணப்பெயர்.

16ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் குளூசியசு என்னும் தாவர அறிஞர் இதனை வளர்த்தார். இன்று தோட்டங்களில் காண்பவை பெரும்பாலும் தூய மலைச்செடிகள் அல்ல. செந்நிறப் பூவுடைய உறவுச்செடி ஒன்றோடு கலந்து பிறந்தவை. அவற்றுட் சில, இலையிலும் பூவிலும் வெண்பொடி பூத்திருக்கும். ஒரு மழை பெய்தால் அவ்வொப்பனை கலைந்துவிடும். ஆதலின், பனியையும் காற்றையும் தாங்கிய மலைமகளின் வழித்தோன்றல், கண்காட்சிக்காகக் கூரையின்கீழ்க் குடியிருக்கிறாள்! அழகுக்கு இது மிகையான விலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெயரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. விதையிலிருந்து முளைப்பது தாயைப் போன்றிராது. அதற்குத் தாயின் பெயரை இடுதல் முறையன்று. அடியில் கிளைக்கும் பக்கக்கன்றைப் பிரித்து நட்டால்தான் செடியும் பெயரும் ஒருங்கே நிலைக்கும். கைமாற்றிக் கொடுப்பார் இல்லாமையால், பழைய பட்டியல்களில் பெயர் மட்டும் எஞ்சிச் செடி அழிந்துபோன வகைகள் பல.