தறியில் ஒருவர், பனையில் ஒருவர்

காஞ்சிபுரம் போகிறவர்களை இரண்டு ரகமாகப் பிரித்துவிடலாம். கோயிலுக்குப் போகிறவர்கள், புடவைக்குப் போகிறவர்கள். (மனைவியைப் புடவைக் கடையில் விட்டுவிட்டு, பில் எவ்வளவு வருமோ என்று கோயிலில் உட்கார்ந்து வேண்டிக்கொள்பவர்கள் இரண்டிலும் சேர்த்தி.) மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. குருவி பார்க்கப் போகிறவர்கள். சிரிக்காதீர்கள் சார், விஷயம் இருக்கிறது.

பிள்ளையார்பாளையம் நெசவாளர் பேட்டை. ராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயில் இங்கேதான், 1300 வருஷமாக அமைதியாக நிற்கிறது. தெருவுக்குள் நுழைந்தால் அந்த அமைதி கிடையாது. திண்ணை தாண்டி உள்ளேயிருந்து 'டக்... டக்...' என்று தறிச் சத்தம். தரையில் குழி, குழிக்குள் கால், மிதிக்க மிதிக்கப் புடவை வளர்கிறது.

ஊரைத் தாண்டி வயலும் ஏரிக்கரையும் தொடங்கும் பக்கம் போனால், இன்னொரு நெசவாளரின் தறி பனைமரத்தில் தொங்கும். தூக்கணாங்குருவி. நூல், நெல் இலையிலிருந்து கிழித்த நார். இலையின் ஓரத்தை அலகால் ஒரு கடி, நுனியைப் பிடித்துக்கொண்டு ஒரே பறத்தல். சர்ரென்று ஓர் அடிக்கு மேல்கூட நார் வந்துவிடும். ஒரு கூடு முடிய ஏறக்குறைய 18 நாள், 500 தடவை வரை போய்வர வேண்டும். நான் பி.காம். படித்தவன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஒரு நாளைக்கு 28 டிரிப். பெட்ரோல் அலவன்ஸ் கிடையாது.

நெய்வது ஆண் மட்டும்தான். மழைக்காலம் வந்தால் தலையிலும் மார்பிலும் மஞ்சள் பூசிக்கொண்டு மாப்பிள்ளைக் கோலத்தில் கிளம்பிவிடும். ஹெல்மெட் மாதிரி பாதிக்கூடு ஆனதும் வேலையை நிறுத்திவிட்டு, இறக்கையை அடித்து சத்தம் போடும். பெண் குருவிகள் வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். பெண் பார்க்கும் படலம் இல்லை, வீடு பார்க்கும் படலம். நெசவின் அழகை விட, எந்தக் கிளை, எவ்வளவு உயரம் என்று இடத்துக்குத்தான் முதல் மார்க் போடுகிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அந்தக் காலத்திலேயே 'ஏரியா எது?' என்ற கேள்வி! பிடித்தால்தான் நீண்ட குழாய் வாசலோடு கூடு பூர்த்தியாகும். பிடிக்காவிட்டால் அப்படியே அம்போ.

மின்மினியைப் பிடித்து ஒட்டி விளக்கேற்றும் என்று பாட்டி சொன்னதை மறந்துவிடுங்கள். உள்ளே ஒட்டியிருப்பது ஈர மண். காற்றில் கூடு ரொம்ப ஆடாமலிருக்க அந்த எடை உதவும் என்று ஒரு கருத்து உண்டு.

பெண் இரண்டு முதல் நான்கு முட்டை இடும். இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அடைகாக்கும். அப்போது மாப்பிள்ளை எங்கே? பக்கத்திலேயே அடுத்த கூடு, அடுத்த சம்சாரம்! இந்த ரகசியத்தை 1930-ல் கண்டுபிடித்தவர் சலீம் அலி. ஜெர்மனியில் பயிற்சி முடித்துத் திரும்பியவருக்கு, இருந்த வேலையும் போயிருந்தது. பம்பாய்க்கு எதிர்க்கரையில் கிஹிம் என்ற கிராமத்தில் தங்கி, பொழுதெல்லாம் குருவிக்கூட்டைப் பார்த்தார். அந்தக் கட்டுரைதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. வேலை கிடைக்காத தம்பிகள் கவனிக்கவும்.

இதற்கு நேர் எதிர் பீவர். கனடாக்காரர்கள் தங்கள் ஐந்து சென்ட் நாணயத்தில் போட்டிருக்கும் பிராணி. மரத்தைப் பல்லால் வெட்டி, ஓடையை மறித்து அணை கட்டும். கனடாவில் முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நீளமான அணையே இருக்கிறது. பீவர் ஏகபத்தினி விரதன். பிள்ளைகள் இரண்டு வயதுவரை வீட்டோடு இருந்து, அணையைப் பழுதுபார்த்து, தம்பி தங்கைகளையும் கவனித்துக்கொள்ளும். பிறகு தனக்கென்று ஓர் ஓடை தேடிக் கிளம்பிவிடும்.

பிள்ளையார்பாளையத்துக் குடும்பம் பீவர் ரகம். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். வரிக்கு வரி உடலையும் கரையையும் கோத்துக்கொண்டே போக வேண்டும். ஒருவரால் ஆகாது. பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் தேவை. முன்பெல்லாம் அந்த இடத்தில் வீட்டுப் பையன் உட்கார்ந்திருப்பான். இன்று அவன் ஸ்கூலில் இருக்கிறான். அதுதான் நியாயம்.

"இப்ப யாருண்ணே துணைக்கு?" என்று ஒரு நெசவாளரிடம் கேட்டேன்.

"வீட்லதான், அவங்கதான். சமையல முடிச்சுட்டு வந்து உக்காருவாங்க."

"பையன்?"

"ஒரகடத்துல கம்பெனி வேலை. மாசம் பொறந்தா சம்பளம் வந்துடுது. போகட்டும் தம்பி. இந்தக் குழியில நான் உக்காந்தது போதும்." சொல்லிவிட்டு அறுந்த இழையை முடிச்சுப் போட்டார். கண் நிமிரவில்லை.

பையன் போனது தப்பில்லை. பீவர் குட்டியும்தான் போகிறது. ஆனால் அது போகிற இடத்தில் இன்னோர் அணை கட்டுகிறது. இங்கே பையன் போனால், அப்பாவின் கைவேலை அப்பாவோடு நின்றுவிடுகிறது. அவன் திரும்பி வர வேண்டுமானால் தறிக்கூலி சம்பளம் மாதிரி தேதிக்கு வர வேண்டும், உபதேசம் உதவாது.

குருவிக்கும் இதே கதைதான். பனையும் நெல் வயலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் தறி ஓடும். வயல் பிளாட்டானால் நூல் இல்லை; பனை சாய்ந்தால் தறிமேடை இல்லை. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. குருவிக்குக் கிடைத்த அரசாங்க உதவி அது.

அடுத்த முகூர்த்தத்துக்குப் பட்டெடுக்கப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். முந்தானையை மட்டும் விரித்துப் பார்த்து விலை பேசாதீர்கள். கரையும் உடலும் சேரும் இடத்தைப் புரட்டிப் பாருங்கள். பெண் குருவி மாதிரி நன்றாக உள்ளே நுழைந்தே பாருங்கள். அங்கே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தது தெரியும். தெரிந்த பிறகு பேரம் பேச உங்களுக்கு மனசு வருகிறதா என்று பார்க்கலாம்.