மாத்தளைச் சாலையில் ஒரு சாயப் பட்டறை

கண்டிக்குச் செல்வோர் தலதா மாளிகையைத் தரிசிப்பர். வாவிக் கரையில் உலாவுவர். பேராதனைப் பூங்காவில் ஒரு பொழுதைக் கழித்து ஊர் திரும்புவர். நாமும் பன்முறை அவ்வாறே செய்தோம். இம்முறை பள்ளி விடுமுறையில் உடன் வந்த நம் மகள், "பார்த்ததையே பார்ப்பதை விட ஏதேனும் ஒரு கைத்தொழிலைச் செய்து பார்ப்போமே, அப்பா" என்றாள். இல்லாளும் அவள் பக்கம் சேர்ந்துகொள்ளவே, நமக்கு மறுப்புச் சொல்ல வழியில்லாது போயிற்று.

கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து வடக்கே செல்லும் வீதி நம்மவருக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்தில் ஏ-9 என்று நாம் அழைக்கின்ற அதே பெருஞ்சாலை இங்கே கண்டியில்தான் தொடங்குகின்றது. அக்குறணைக் கடைவீதியின் நெரிசலைத் தாண்டியபின், மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கிடையே ஒரு கிளைப்பாதையில் இறங்கினோம். அதன் முடிவில் ஓடு வேய்ந்த திறந்த கொட்டகையொன்று. கொடிகளில் ஈரத் துணிகள் தொங்கின. உருகும் மெழுகின் மணமும் விறகுப் புகையும் ஒருங்கே வந்து நம்மை எதிர்கொண்டன.

பட்டறையின் தலைவி ஐம்பது வயதைக் கடந்த சிங்களப் பெண்மணி. அவருக்குத் துணையாக, அயலிலுள்ள தோட்டத்திலிருந்து வரும் தமிழ்ப் பெண் ஒருவர் இருந்தார். "வாங்க ஐயா, வாங்கம்மா, பாப்பா இங்கிட்டு உட்காரட்டும்" என்று வரவேற்றவர், அன்று முழுவதும் நமக்கு மொழிபெயர்ப்பாளராகவும் விளங்கினார்.

பத்திக் என்னும் இக்கலையின் இரகசியம் சாயத்தில் இல்லை, மெழுகில் இருக்கின்றது. சாயம் ஏறக்கூடாத இடங்களை உருகிய மெழுகால் மூடிவிட்டுத் துணியைச் சாயத்தில் தோய்ப்பார்கள். மூடிய இடம் தன் நிறத்தைக் காத்துக்கொள்ளும். மெழுகை இடுவதற்கு ஒரு விந்தையான எழுதுகோல் உண்டு: மரப்பிடியின் நுனியில் சிறு செப்புக் கிண்ணம், அதற்கு ஊசி போன்ற மூக்கு. மெழுகு அதிகம் சூடேறினால் கோடு பரவிக் குளமாகும். சூடு குறைந்தால் நூலுக்குள் இறங்காமல் மேலே படிந்து நிற்கும். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும். பரபின் மெழுகு வெடிக்கும். இரண்டையும் வேண்டிய அளவில் கலந்தால், வெடிப்புகளின் வழியே சாயம் நுழைந்து சிலந்தி வலை போன்ற மெல்லிய கோடுகளை வரைந்துவிடும். அக்கோடுகளே பத்திக்கின் முத்திரை.

நம் மகள் ஒரு பனைமரமும் அதன் மேலே ஒரு முழுநிலாவும் வரைந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கண்டி மலையில் வேறென்ன தோன்றும்! முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு, கடைசியில் கருநீலம் என்று மெல்லிய நிறத்திலிருந்து அடர்ந்த நிறத்துக்குச் செல்வதே முறை. மஞ்சளில் தோய்த்துத் துணியைத் தூக்கியபோதுதான் அவள் முகம் வாடியது. வெண்மையாக இருக்க வேண்டிய நிலாவை மெழுகால் மூட மறந்திருந்தாள்! வெந்நீரிலிட்டால் மெழுகு போகும். ஏறிய சாயம் போகாது. தலைவி சிரித்தவாறு ஏதோ கூற, "மஞ்சள் நிலாவும் நிலாதான், பாப்பா. இனி அதை மூடிட்டா நீலத்துல தப்பிச்சுக்கும்னு சொல்றாங்க" என்று தோட்டத்துப் பெண் மொழிந்தார். அவ்வாறே மூடினோம்.

"இந்தச் சிவப்பு எந்தப் பூவிலிருந்து வருகிறது?" என்று மகள் வினவினாள். அவர்கள் காட்டியது ஒரு தகர டப்பா. 1956ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ஒருவகைச் சாயங்கள், உப்பும் சலவைச் சோடாவும் கலந்த குளிர்ந்த நீரிலேயே பருத்தியைப் பற்றிக்கொள்பவை. கொதிநீரில் சாயமிட்டால் மெழுகு உருகிவிடுமன்றோ? ஆகவே இத்தொழிலுக்கு அவை வரமாயின.

அவ்வேளை நம் நினைவு வடக்கே ஓடியது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்பாங்கான கரையோரங்களில் சாயவேர் என்னும் சிறு செடி வளரும். அதன் வேரிலிருந்து கிடைத்த சிவப்பு, ஒல்லாந்தர் காலத்தில் அரசுக்கு வருவாய் ஈட்டித் தந்த பொருள். 1868ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் இருவர், அச்சிவப்பின் மூலப்பொருளான அலிசரினைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். அதன்பின் வேர் தோண்டுவாரைத் தேடுவாரில்லை. இன்று சாயவேர் என்றால் நம் பிள்ளைகள் விழிக்கிறார்கள். செடியோ கடற்கரை மணலில் இன்னும் இருக்கின்றது.

துணி உலரும் வரை பேசிக்கொண்டிருந்தோம். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள், அடுத்த ஆண்டின் பெருந்தொற்று, 2022இன் பொருளாதார நெருக்கடி என்று அடிமேல் அடி விழுந்தபோது, உல்லாசப் பயணிகளும் வரவில்லை. சாயத்தின் விலையும் எட்டாத உயரத்துக்குச் சென்றது. இப்பெண் மீண்டும் கொழுந்து பறிக்கச் சென்றாராம். உடன் பயின்ற இருவர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனவர்கள் திரும்பவேயில்லை. "கை பழக ரெண்டு வருசம் ஆகும் ஐயா, மறக்க அவ்வளவு நாள் வேணாம்" என்றார்.

கடைவீதிகளில் பத்திக் என்ற பெயரில் இயந்திரத்தில் அச்சிட்ட துணிகளும் விற்கப்படுகின்றன. வாங்குவோர் துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அச்சுத் துணியின் பின்புறம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். மெழுகிட்டுத் தோய்த்ததில் இருபுறமும் ஏறக்குறைய ஒன்றாயிருக்கும். வெடிப்புக் கோடுகள் ஒரே ஒழுங்கில் மீண்டும் மீண்டும் வந்தால் அது நிச்சயமாக அச்சுத்தான்.

மாலையில் மாத்தளையைக் கடந்து அலுவிகாரைக்குச் சென்றோம். பாளி மொழித் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டதெனப் போற்றப்படும் குகைக் கோயில் அங்கே உள்ளது. ஒல்லாந்தர் வழியாகச் சாவாவிலிருந்து வந்ததென்று கூறப்படும் பத்திக் கலைக்கு, 1960களில் இலங்கையில் புத்துயிர் அளித்த ஈனா டி சில்வா அம்மையாரின் பூர்வீக ஊரும் அதுவே. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அமைத்த பெந்தோட்டை ஹோட்டலின் கூரையை அலங்கரித்தவை அவருடைய பத்திக் துணிகள். பிற்காலத்தில் கொழும்பை விட்டு அலுவிகாரைக்கே திரும்பி, கிராமத்துப் பெண்களுக்குப் பத்திக்கும் பூத்தையலும் பழக்கினார். 2015ஆம் ஆண்டில் மறைந்தார்.

திரும்பும் வழியில் நம் துணியைப் பெற்றுக்கொண்டோம். மெழுகை நீக்குவதற்காக அதைப் பெரிய பீப்பாயில் கொதிக்க வைத்திருந்தார்கள். மேலே மிதந்த மெழுகை அகப்பையால் வழித்து, மறுபடி பயன்படுத்தச் சேர்த்துவைத்தார் தலைவி. ஓர் அவுன்சும் வீணாக விடவில்லை. முதற் சலவையைத் தனியே செய்யும்படி நம்மை எச்சரித்தனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அவ்வாறே அலசினோம். கருநீலம் சிறிது கசிந்தது. மஞ்சள் நிலா அசையவில்லை. அதைச் சுவரில் மாட்ட வேண்டுமென்கிறாள் மகள். மேசைக்கு விரிக்க வேண்டுமென்கிறாள் அவள் தாய். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.