பேனா யார் கையில்?

திருத்தணி பக்கத்தில் ஒரு காலனி. அங்கே பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு 'பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்' என்று சென்னையில் எழுதிக் கொடுத்தார்கள். "பார்டர்னா ஆந்திரா பார்டரா மேடம்?" என்று அவள் அம்மா கேட்டார். ஒரே நாளில் பலமுறை மாறும் மனநிலை, எல்லோரும் விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம், தன்னையே காயப்படுத்திக்கொள்வது என்று விளக்கினேன்.

அடுத்த முறை போனபோது, புது மருந்துச் சோதனைக்கான படிவத்தை நீட்டினார்கள். பன்னிரண்டு பக்கமும் ஆங்கிலம். வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் படித்தவள் அவள். "பெரிய ஆஸ்பத்திரி, நல்லதுக்குத்தான் சொல்வாங்க" என்று அம்மா பேனாவை எடுத்தார். "வேண்டாம்" என்று நான் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எனக்குக் கம்மம் நினைவுக்கு வந்திருந்தது. 2009இல் அன்றைய ஆந்திராவின் அந்த மாவட்டத்தில், 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஆய்வு நடத்தினார்கள். பலர் பழங்குடிப் பிள்ளைகள். பல படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதி வார்டன்களே கையெழுத்திட்டார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா சரின்னாங்க, நீங்க வேணாம்னீங்க. என்கிட்ட யாருமே கேக்கலையே அக்கா."

தோழர்களே, அன்று நானும் ஒரு வார்டன்தான்.

சோதனையே தவறில்லை. லாமோட்ரிஜின் என்ற மாத்திரையை இங்கிலாந்தில் இதே நோயுள்ள 276 பேரிடம் சோதித்தார்கள். வெற்று மாத்திரையைவிட அது மேலில்லை என்று 2018இல் முடிவு வந்தது. சோதிக்காமல் இது தெரிந்திருக்காது. சம்மதம் யாருடையது என்பதுதான் கேள்வி. புரியும் மொழியில் விளக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், சோதனையால் பாதிப்பு வந்தால் இழப்பீடு உண்டு என்கின்றன 2019ஆம் ஆண்டு விதிகள்.

இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். நோட்டில் கேள்விகளை அவளே எழுதினாள்: எனக்கு வெற்று மாத்திரை வருமா? பாதியில் நிறுத்தினால் இப்போதைய சிகிச்சை தொடருமா? தமிழில் படிவம் எங்கே?

மறுபடி போய் அவளே கேட்டாள். தமிழ்ப் படிவம் வந்தது. என்ன முடிவெடுத்தாள் என்பதை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது.