ஆறு பிழைகள்

அப்பத்தாவின் தாலாட்டு ஒரே ஓர் ஒலிநாடாவில்தான் இருந்தது. 1996-ல் வளைகுடாவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த டேப்ரிக்கார்டரில், ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பதிந்தது. அடுத்த இரண்டாண்டுகளில் அப்பத்தா போய்விட்டார். 2006-ல் அத்தை, "ஆடிப்பூரத்துக்குத் தேர் பாக்க வர்றப்ப அம்மா பாட்டக் கொண்டாப்பா" என்று கேட்டபோது அவர் வீட்டில் டேப்ரிக்கார்டர் இல்லை. தொலைக்காட்சியோடு இணைத்த விசிடி பிளேயர்தான் இருந்தது.

முதுகலைத் தமிழ் முடித்து, தொகுப்பூதியத்தில் விரிவுரையாளனாகச் சேர்ந்திருந்த காலம். இராஜபாளையத்து வாடகை அறையில் கைமாறி வந்த பென்டியம் 3 கணினி ஒன்று வைத்திருந்தேன். நாடாவை ஓடவிட்டு அதில் பதிந்துகொண்டேன். முப்பது நிமிடம், ஏறக்குறைய 300 மெகாபைட். சரிபார்க்க மறுமுறை ஓடவிட்டபோது நாடா உருளையில் சிக்கிக் கசங்கி அறுந்தது. இனி அந்தக் குரல் கணினியின் வன்தட்டில் மட்டுமே. என்னிடம் அன்று பென் டிரைவ் கிடையாது.

குறுந்தட்டில் எழுதத் தொடங்கியதும் சுட்டி உறைந்தது. டாஸ்க் மேனேஜர் செயலியின் பயன்பாடு நூறு விழுக்காடு என்றது. சற்று நேரத்தில் எழுதுதல் தோற்றது. மூன்று தட்டுகள் இப்படிப் பாழாயின. ('எரித்தல்' என்று இதைத் தமிழ்ப்படுத்துவோர் உண்டு. எங்களூர்க் கடைகளில் 'ரைட் பண்ணித் தருவது'தான். ஆனால் லேசர் தன் வெப்பத்தால் சாயப்படலத்தை மாற்றித்தான் எழுதுகிறது என்பதால் எரித்தல் அப்படியொன்றும் பொய்யில்லை.)

குறுந்தட்டு எழுத்து காத்திருக்காது. பன்னிரண்டு மடங்கு வேகமென்றால் நொடிக்கு 1,800 கிலோபைட் தரவு வந்துகொண்டே இருக்க வேண்டும். என் எழுதுகருவியின் இடைநினைவகம் 2 மெகாபைட். ஒரு நொடிக்குச் சற்று மேல் தாங்கும். அது வற்றினால் தட்டு குப்பைக்கு. நிறுத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும் வித்தை பின்னால் வந்த கருவிகளில் இருந்தது, என்னுடையதில் இல்லை. வேகத்தைக் குறைத்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று இன்று தெரிகிறது. அன்று பெட்டியில் அச்சிட்டிருந்த எண்ணுக்குக் குறைவாக எழுதுவது ஏமாளித்தனமாகப் பட்டது.

வைரஸ் தேடினேன். திரைக்காப்பானை நீக்கினேன். கடைசியில் கேபினட்டைச் சுமந்துகொண்டு ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். "ஃபார்மட் அடிச்சிருவோம் சார், எல்லாம் சரியாயிரும்" என்றபடி அந்த இளைஞர் தட்டை உள்ளே தள்ளப் போனார். வன்தட்டில் இருப்பதெல்லாம் அழியுமா என்றேன். "ஆமா சார், புதுசு மாதிரி ஆயிரும்." பதில் சொல்லாமல் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இயற்பியல் துறை நண்பர் ஒருவர் அறைக்கு வந்து பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி விசித்திரமாக இருந்தது.

"கடைசியா இதுல என்ன சிடி போட்டுப் பாத்தீங்க சார்?"

வாடகைக் கடைப் படங்கள். கீறல் விழுந்து, இடைவேளைக்குள் நான்கு முறை நின்றுபோகும் தட்டுகள். நண்பர் சிரித்துக்கொண்டே டிவைஸ் மேனேஜரில் இரண்டாம் ஐடிஇ தடத்தைத் திறந்து காட்டினார். டிஎம்ஏ என்றிருக்க வேண்டிய இடத்தில் பிஐஓ என்றிருந்தது.

அவர் சொன்னதை எங்களூர் வழக்கில் இப்படிச் சொல்லலாம். டிஎம்ஏ முறையில் மூட்டை தூக்க ஆள் உண்டு. செயலி உத்தரவிட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். பிஐஓ முறையில், நூற்பாலை மேலாளரே பஞ்சைக் கைப்பிடி கைப்பிடியாகச் சுமப்பதுபோல, ஒவ்வொரு முறையும் இரண்டே பைட்டாகச் செயலியே கடத்த வேண்டும். ஒரு கருவியில் தாமதமோ தரவுப் பிழையோ ஆறு முறை சேர்ந்துவிட்டால் விண்டோஸ் எக்ஸ்பி, நிதானமே நல்லது என்று அதை ஒரு படி கீழிறக்கும், மீண்டும் சேர்ந்தால் இன்னொரு படி, கடைசியில் பிஐஓ. பிழைகள் ஒரே நாளில் நேர வேண்டும் என்பதில்லை. நான் இரவுகளில் பார்த்த படங்களெல்லாம் கணக்கில் ஏறியிருந்தன. கணினியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு இது கொஞ்சம் வெட்கம்தான்.

தீர்வு இரண்டு நிமிடம். அந்தத் தடத்தின் பதிவை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினார். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டெடுத்து டிஎம்ஏவை ஒப்படைத்தது. நான்காவது தட்டு எழுதப்பட்டபோது செயலியின் பயன்பாடு பத்தைச் சுற்றியே இருந்தது. கூடவே ஒரு வினாத்தாளைத் தட்டச்சு செய்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கையோடு இன்னொரு பிரதியும் எடுத்தேன்.

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் நின்றுகொண்டே போனேன், தட்டு சட்டைக்குள். தேர் பார்த்துத் திரும்பி, கூட்டம் வடிந்த மாலையில் போட்டோம். அத்தை அடுக்களை நிலைப்படியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பதினோராவது நிமிடமளவில், அப்பத்தாவின் குரலுக்குப் பின்னால் தொலைவிலிருந்து ஓர் இளம் குரல், "யம்மா, பால் பொங்குது பாரு" என்று கத்தியது.

அத்தை சட்டென்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார்.