முழங்காலை வாசித்தல்

அம்மாவின் வலது முழங்கால் எக்ஸ்ரேயை முதலில் வாசித்தவர் வெளியூர் டாக்டர். பெயர் அவசியமில்லை. படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளி குறுகியிருப்பதைப் பேனா முனையால் காட்டினார். தேய்மானம், மூன்றாம் நிலை. 1957-ல் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்த அளவுகோல், இன்னும் அதுதான். நாலாம் நிலை வந்தால் மூட்டையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார். அதற்கு முன் "மறுபடி வளர வைக்கலாம்" என்றார்.

கையிலிருந்து ரத்தம் எடுத்து, யந்திரத்தில் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் பிரித்து மூட்டுக்குள் செலுத்துவது. மூன்று ஊசி. ஊசிக்கு 15,000. அம்மாவின் சங்கிலி எங்கள் கிளையிலேயே, பக்கத்துக் கவுன்டரில், அடகுக்குப் போயிற்று. தினமும் யார் யார் வீட்டுச் சங்கிலிகளுக்கோ எடை எழுதுகிறவன் நான். அன்று தராசுப் பக்கம் பார்க்கவில்லை.

'வளரும்' என்ற சொல்லில்தான் விழுந்தேன். சொற்களைச் சந்தேகிப்பதையே தொழிலாக (சம்பளமில்லாத தொழில்) வைத்திருக்கிறவன், இந்த ஒரு சொல்லைச் சந்தேகிக்கவில்லை. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அழிந்தால் தானாக மீள்வதில்லை. வில்லியம் ஹண்டர் 1743-லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் சொல்லிவிட்டார். 1994-ல் ஸ்வீடன்காரர்கள் நோயாளியின் குருத்தெலும்புச் செல்களை ஆய்வகத்தில் பெருக்கி 23 பேரின் முழங்கால்களில் திரும்ப வைத்தது உண்மை. ஆனால் அது அங்கங்கே பள்ளம் விழுந்த மூட்டுக்கு; மொத்தமாய்த் தேய்ந்ததற்கு அல்ல. தட்டணு ஊசியைப் பற்றி ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்துச் சோதித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு அந்த ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். ஒரு வருஷம் கழித்து வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. இதையெல்லாம் நான் படித்தது இரண்டு ஊசி போட்ட பிற்பாடு.

அம்மாவுக்கு வலி குறைந்தது பொய்யில்லை. இரண்டு மாசம் மாரியம்மன் கோவில் வரை நடந்தாள். உப்பு நீர் போட்டுக்கொண்டவர்களுக்கும் வலி குறைந்துதான் இருந்தது. அந்த இரண்டு மாசத்தை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பிறகு கழுத்து திரும்பவில்லை. முழங்கை நீளவில்லை. தர்மபுரி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருந்தவர் வயது குறைந்த டாக்டர், தூக்கம் கெட்ட முகம். எக்ஸ்ரே உறையைத் திறக்கவேயில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துத் தரையில் போட்டார்.

"முட்டிய மடக்காம இத எடுங்கம்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். குனிந்தாள். விரலுக்கும் காசுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. மோவாயை மார்பில் தொடச் சொன்னார், முடியவில்லை. கைகளைப் பக்கவாட்டில் நீட்டி மடக்கிப் பின்தலையைத் தொடச் சொன்னார், அதுவும் இல்லை. பல்லைக் காட்டச் சொன்னார். பிறகுதான் கேட்டார்:

"எந்த ஊர்த் தண்ணிம்மா குடிச்சு வளந்தீங்க?"

"பென்னாகரம் பக்கம் சார். போர் தண்ணி."

முன்கையைப் படமெடுக்கச் சொன்னார். இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மெல்லிய ஜவ்வு ஒன்று உண்டு. சாதாரணமாக அது எக்ஸ்ரேயில் தெரியாது. அம்மாவின் கையில் அது சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளையாகத் தெரிந்தது. ஃப்ளூரைடு. எலும்பின் படிகத்துக்குள் புகுந்து இடம்பிடித்துக்கொள்ளும், தசைநார்களையும் எலும்பாக்கிவிடும். தேய்மானமும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தே வரும் என்றார். வெளியேற்ற மருந்து இல்லை. தண்ணீரை மாற்றுங்கள், கால்சியம், கொஞ்சம் பயிற்சி, வலிக்கு மாத்திரை. மூன்றாவது ஊசி பற்றிக் கேட்டேன். சிரிக்கவில்லை, "வேண்டாம் சார்" என்றார்.

கல்லூரியில் எங்களுக்கு ரிச்சர்ட்ஸ் பாடம். 1929-ல் வந்த புத்தகம்: ஆசிரியர் பெயரில்லாத, ஊரில்லாத, காலமில்லாத கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொன்ன பரிசோதனை. கவிதை மட்டும் போதும் என்ற வைராக்யம் எனக்கு அங்கிருந்து வந்தது. ரிச்சர்ட்ஸ் அதை வைத்து வாசகர்கள் எப்படித் தவறுகிறார்கள் என்றுதான் பார்த்தார் என்பதை நான் வசதியாக மறந்துபோனேன். இதே பக்கங்களில், நம் மாவட்டத்துக்காரர் ஒருவரின் தொகுப்பை, கிணறும் வறட்சியும் கவிதைக்கு வெளியே கிடக்கிற தகவல்கள் என்று சொல்லித் தள்ளியிருக்கிறேன். நண்பர்களுக்கு ஞாபகமிருக்கும். வெளியூர் டாக்டர் படத்தைத் தவறாக வாசிக்கவில்லை. படத்தில் இருந்ததைச் சரியாகவே வாசித்தார். என் குறை அவர்மீது அல்ல என்று சொல்லலாம்தான். 30,000 ரூபாய் அப்படிச் சொல்ல விடவில்லை.

தகவல்கள் என்னவோ எல்லோர் கைக்கும் எட்டியவை. இந்த வியாதியை இந்தியாவில் முதலில் எழுதிவைத்தது 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரிலிருந்து. ஃப்ளூரைடு மிகுந்த ஊர்ப் பிள்ளைகளின் முழங்கால்கள் உள்நோக்கி வளைந்து முட்டிக்கொள்வதை, ஹைதராபாத் ஊட்டச்சத்து நிறுவனத்துக்காரர்கள் 1973-ல் லான்செட்டில் எழுதினார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது எல்லை. எங்கள் பாறைக்குள் ஆழத் துளைத்த போர்கள் பலவற்றில் அதற்கு மேல். இதற்காகவே ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-ல் தொடங்கி 2013-ல் திறக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே இந்த வியாதி இருக்கிறது. அந்தப் பெயர்ப் பலகையைப் பஸ்ஸிலிருந்து எத்தனை தரம் பார்த்திருப்பேன்.

இப்போது வீட்டில் இரண்டு குடம். ஆற்றுத் தண்ணீர்க் குடத்துக்கு மூடி உண்டு. அம்மா அதைக் குடிக்கிறாள், நான் பார்க்கும்போது. "சப்புனு இருக்குடா" என்கிறாள். முப்பது வருஷம் போர் தண்ணீர் குடித்த நாக்கு. அடுக்களையில் சொம்பு எந்தக் குடத்துக்குள் இறங்குகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கப் பழகிவிட்டேன். போர் குடம் பித்தளை.

சங்கிலி இன்னும் லாக்கரில்தான். அடுத்த மாசம் கெடு.