உல்டா சூடி

தமிழில் எம்.ஏ. படித்தவர்களுக்கு மும்பையில் வேலை இல்லை என்று யார் சொன்னது? ஷாம்பு பாக்கெட்டின் பின்பக்கம், ஆயுள் காப்பீட்டு விண்ணப்பம், சர்க்கரை வியாதி மாத்திரையோடு மடித்து வைக்கும் தாள், தேர்தல் துண்டறிக்கை என்று இருபது வருடங்களாக எதையாவது தமிழில் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். பத்திரிகை வேலை போக மிச்ச நேரத்துக்கு இதுதான் பிழைப்பு. ஆனால் 2024ஆம் ஆண்டு மழை தொடங்கிய சமயத்தில் வந்த வேலை இந்த வரிசையில் எதோடும் சேராது. காரின் கியர் பாக்ஸுக்குள் ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது எப்படி என்று ஆங்கிலத்தில் எட்டுப் பக்கக் குறிப்பு. அதைத் தமிழில் படிக்கப்போகிறவர் ஒரே ஒருவர்.

காரின் சொந்தக்காரர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த இளைஞர். தாத்தா காலத்திலேயே தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்துவிட்ட குடும்பம். வீட்டில் நல்ல தமிழ் பேசுவார். படிக்கத் தெரியாது, ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. மெக்கானிக் தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவர். தமிழ்ப் பத்திரிகை கையில் கிடைத்தால் வரி விளம்பரம் வரை விடமாட்டார். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான். இருவரும் மணிக்கணக்கில் தமிழில் பேசிக்கொள்வார்கள். ஆனால் ஒரு காகிதத்தை நடுவில் வைத்துச் சேர்ந்து படிக்க முடியாது. இந்த இடைவெளிக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

“கியர் பாக்ஸ் நூத்துக்கணக்குல பிரிச்சாச்சு தங்கச்சி. ஆனா இந்தச் சாமான் எனக்குப் புதுசு. தாளைப் படிக்காம கைவைக்க மாட்டேன்” என்றார் அண்ணாச்சி. செம்பூரில் இருக்கிறது அவருடைய ஒர்க் ஷாப். ஒரே நேரத்தில் இரண்டு கார்கள்தான் நிற்க முடியும்.

கார், ஹோண்டா சிட்டி விடெக். 2000ஆம் ஆண்டு இந்தியச் சாலைக்கு வந்து, அந்த நாளில் கல்லூரிப் பையன்களைக் கிறங்கடித்த வண்டி. இளைஞரின் அப்பா வாங்கியது. புதிதாகப் பொருத்த வேண்டிய சாமான், லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல். பிரிட்டனில் குவைஃப் என்ற நிறுவனம் செய்தது. சுங்க வரியும் சேர்ந்து ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. காரை விற்றால் அவ்வளவு வருமா என்பது சந்தேகம். இதை நான் கேட்டபோது, “அப்பா வண்டி ஆன்ட்டி” என்று மட்டும் சொன்னார். மலைச்சாலை வளைவுகளில் மழை நாளில் முன்சக்கரம் ஒன்று வெறுமனே சுழல்கிறது, மண் மைதானப் பந்தயங்களில் நேரம் போய்விடுகிறது என்பதெல்லாம் பிறகு சொன்ன காரணங்கள்.

எனக்குப் புரியாத எதையும் மொழிபெயர்ப்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன். எனவே முதலில் டிஃப்ரன்ஷியல் எதற்கு என்று கேட்டேன். அண்ணாச்சி கிங்ஸ் சர்க்கிளுக்கு அழைத்துப்போனார், வார்த்தையில்தான்.

“மாட்டுங்காவுல அந்த மகேஸ்வரி உத்யானைச் சுத்தி ஒரு ரவுண்டு வாறீய. உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் ஒரே தூரமா ஓடும்?”

ஓடாது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்கு வெளிச்சக்கரம் சுமார் ஒன்பதரை மீட்டர் அதிகம் ஓடுகிறது. வேடிக்கை என்னவென்றால், சுற்றுகிற வட்டம் பெரிதோ சிறிதோ, வித்தியாசம் அதே ஒன்பதரை மீட்டர்தான். இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால், இந்த வித்தியாசத்துக்கு ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்தே ஆக வேண்டும்.

நம் மாட்டுவண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அச்சு அசையாமல் நிற்க, இரண்டு சக்கரங்களும் தனித்தனியாக அதன்மேல் சுழல்கின்றன. இழுக்கிற வேலை மாட்டுடையது. சக்கரத்துக்கு உருள்வது மட்டுமே வேலை. ரயிலுக்கு வேறு தந்திரம். 1915 முதல் மாட்டுங்காவில் இயங்கிவரும் ரயில்வே பணிமனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ரயில் சக்கரங்கள் அச்சோடு இறுகியவை, ஆனால் தண்டவாளத்தைத் தொடும் பரப்பு லேசாகக் கூம்பு வடிவில் சரிந்திருக்கும். வளைவில் ரயில் சற்றே ஒதுங்கும்போது வெளிச்சக்கரம் தன் பருத்த பகுதியிலும் உள்சக்கரம் மெலிந்த பகுதியிலும் ஓடிக் கணக்கைச் சரிக்கட்டிக்கொள்ளும்.

சிக்கல், சக்கரத்தையே எஞ்சின் சுழற்ற வேண்டும் என்று வந்தபோதுதான். அதற்கு வழி கண்டவர் ஒனெசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர். 1827இல், நீராவி வண்டிக்காக. உள்ளே நான்கு சிறு பற்சக்கரங்கள். நம் ஊர் மெக்கானிக்குகள் அவற்றை ஸ்டார், சன் என்று அழைக்கிறார்கள். நட்சத்திரமும் சூரியனும் எண்ணெய்க்குள் சுழல்கிற அந்தச் சின்னப் பெட்டி, இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் ஓட அனுமதித்துக்கொண்டே இரண்டுக்கும் விசையைச் சமமாகக் கொடுக்கிறது.

இந்தச் ‘சமமாக’ என்பதில்தான் வினை. ஒரு சக்கரம் சேற்றில் நின்றால் மற்றதும் ஏன் செயலற்றுப் போகிறது என்று எனக்குப் புரியவில்லை. விசை முழுவதும் வழுக்குகிற சக்கரத்துக்கு ஓடிவிடுகிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். அண்ணாச்சி மறுத்தார்.

“சமபந்தி பாத்திருக்கீயள்ளா? ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான் வைப்பேன்னு பரிமாறுதவன் நிக்கான். ஒருத்தன் அரைக் கரண்டியில போதும்னுட்டான். அடுத்தவன் கொலைப் பசியில இருக்கான். இருந்தும் என்ன? அவனுக்கும் அரைக் கரண்டிதான்.”

சேற்றில் நிற்கும் சக்கரத்தைச் சுழற்றச் சொற்ப விசை போதும். அதற்கு மேல் அது வாங்காது. எனவே கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே சொற்பம். கார் நகராது. முப்பது வருடங்களாக இயற்பியல் தெரிந்தவர்கள் எத்தனையோ பேரைப் பேட்டி கண்டிருக்கிறேன். ஒருவரும் இப்படி இலை போட்டு விளக்கியதில்லை.

பந்தியைத் திருத்தும் முயற்சி பழையது. 1930களில் ஆட்டோ யூனியன் பந்தயக் காரை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் போர்ஷேவுக்கு, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்திலும் ஒரு பின்சக்கரம் வெறுமனே சுழல்கிறதே என்பது பெரிய தலைவலி. ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்திடம் சொல்லி 1935இல் மாற்று டிஃப்ரன்ஷியல் செய்யவைத்தார். அதற்குப் பிறகு பல வகைகள். ஒன்றில் கிளட்ச் தட்டுகள் அடுக்கடுக்காக இருந்து இரண்டு பக்கத்தையும் பிடித்து நிறுத்தும். தட்டு தேயும், தனி எண்ணெய் வேண்டும். எங்கள் இளைஞர் வாங்கியது தட்டில்லாத வகை. சாய்ந்த பல் வெட்டிய சிறு சக்கரங்கள் விசை ஏறும்போது தங்கள் கூட்டின் சுவரில் அழுந்தி உராய்கின்றன. அந்த உராய்வினால் பிடிப்புள்ள சக்கரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு வரை கூடுதலாகக் கிடைக்கிறது. அரைக் கரண்டி ஒன்றரைக் கரண்டி ஆகிறது. ஒரு சக்கரம் முழுக்கக் காற்றில் தொங்கினால் மட்டும் பலன் இல்லை. பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்.

“அவன் இலையே போடல, அப்புறம் எங்கிட்டுக் கணக்கு?” என்றார் அண்ணாச்சி.

இனி என் வேலை. ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘வரையறுக்கப்பட்ட வழுக்கல் வேறுபாட்டுப் பல்லிணை’ என்று வரும். இதை வாய்விட்டுப் படித்து முடிப்பதற்குள் கியர் பாக்ஸ் எண்ணெய் முழுவதும் வடிந்துவிடும். கலைச்சொல்லாக்கத்தில் எனக்கு மரியாதை உண்டு. பாடப் புத்தகத்துக்கு அது வேண்டும். ஆனால் கையெல்லாம் கிரீஸோடு நிற்கிறவர் எட்டிப் பார்த்துப் படிக்கிற தாளுக்கு வேறு சட்டம். பெயர்ச்சொற்களை அவர் வாயில் இருக்கிறபடியே விட்டுவிட்டேன்: ஹவுசிங், பேரிங், ஷிம், சீல். வினைச்சொற்களில்தான் உழைத்தேன். கழற்று, நெம்பு, இறக்கு, துடை, பதி, அமுக்கு, முடுக்கு, ஊற்று. ஆங்கிலத்தில் எட்டுப் பக்கம் இருந்தது தமிழில் ஐந்தரைப் பக்கத்தில் முடிந்தது. ‘தயவுசெய்து உறுதிசெய்துகொள்ளவும்’ போன்ற அலங்காரங்கள் போனதே காரணம்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரே ஒரு வரி. டிஃப்ரன்ஷியலோடு பெரிய பற்சக்கரத்தைப் பிணைக்கும் போல்ட்டுகள், ஹோண்டாவின் இந்த வகை கியர் பாக்ஸ்களில், இடப்பக்க மரை கொண்டவை. உலகத்துப் போல்ட்டுகளெல்லாம் வலப்பக்கம் திருப்பினால் இறுகும். இவை இடப்பக்கம் திருப்பினால் இறுகும். தெரியாமல் வழக்கம்போல் கழற்றப் போனால் இறுகிக்கொண்டே போய்த் தலை முறியும். இந்தக் கார் நின்றுபோய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முறிந்தால் குர்லாவின் பழைய சாமான் கடைகளில்தான் தேட வேண்டும். மாத்திரைத் தாளில்கூட இவ்வளவு பயந்து எழுதியதில்லை.

‘இடமரை’ என்று எழுதிக் காட்டினேன். அண்ணாச்சி யோசித்தார். “சரியாத்தான் இருக்கு. பக்கத்துல உல்டா சூடின்னும் போட்டுருங்க. இங்கன அப்படித்தான் சொல்லுதது.” சூடி என்றால் இந்தியில் வளையல். போல்ட்டின் மரைச் சுற்றுகளை அடுக்கிய வளையல்களாகப் பார்த்தவன் எவனோ, அவனுக்கு என் எம்.ஏ. பட்டத்தையே கொடுக்கலாம்.

இரண்டு நாள் வேலை. முதல் நாள் நானும் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். எண்ணெய் வடித்து, இரண்டு டிரைவ் ஷாஃப்டுகளையும் உருவி, கியர் பாக்ஸை இறக்கிப் பிளந்தார்கள். போல்ட்டுகளில் சாவியை வைக்கும்போது அண்ணாச்சி என் தாளை ஒருமுறை பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கமாக ஒரு உந்து. ‘டக்’ என்று விட்டுக்கொடுத்தது. ஒவ்வொன்றாக எண்ணினேன். எல்லாம் முழுசாக வந்தன.

மறுநாள் பொருத்தும்போது, எதிரும் புதிருமாக மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சில் சுமார் 100 நியூட்டன் மீட்டர் வரை முடுக்கினார். அதன் பிறகுதான் நுணுக்கமான கட்டம். பேரிங்குக்கும் அதன் மேல் வரும் ஷிம் வளையத்துக்கும் இடையே பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம். கூடினால் பற்சக்கரம் ஆடி ஊளையிடும். ஒரேயடியாக இறுகினால் பேரிங் சூடேறிப் பாழாகும். புதுச் சாமானின் உயரம் மயிரிழை மாறினாலும் பழைய ஷிம் உதவாது. மூடி, ஃபீலர் கேஜால் அளந்து, பிரித்து, ஷிம் மாற்றி, மறுபடி மூடி. மூன்று முறை. கையிலிருந்த ஒன்று மெலிசு, மற்றது கனம்.

கனமானதை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு தாராவிக்கு ஸ்கூட்டரில் போனோம். தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே புகுந்து, இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் ஒரு கிரைண்டிங் பட்டறை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வழித்தெடுக்க வேண்டும். பட்டறைக்காரர் வளையத்தை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தார், இயந்திரத்தை ஓட்டினார், துடைத்துக் கொடுத்தார். பத்து நிமிடம். தாராவி மறுசீரமைப்பு வந்தால் இந்த இயந்திரம் எந்தக் கட்டடத்துக்குப் போகும் என்று கேட்டேன். “கீழ்த்தளமாக் குடுத்தாப் போதும். மாடியில இதை எப்படி ஓட்ட?” என்றார். செய்தியாளர்கள் இதுபோன்ற கேள்வி கேட்டே அவரை அலுக்கவைத்திருக்க வேண்டும். உடனே அடுத்த வேலையை எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் அண்ணாச்சி டாக்ஸிகளைப் பற்றிப் பேசினார். அவர் கை தேர்ந்தது பிரீமியர் பத்மினியில். குர்லாவில் தயாரான அந்த வண்டிக்கு டிஃப்ரன்ஷியல் பின்அச்சில். கிரவுன் பினியன் தேய்ந்தால் எழும் ஓசையைத் தெருமுனையில் கேட்டே வண்டிக்காரர் யார் என்று சொல்லிவிடுவாராம். மும்பையில் டாக்ஸிகளுக்கு இருபது வருட ஆயுள் என்பது விதி. 2003 அக்டோபரில் பதிவான கடைசி பத்மினி டாக்ஸி, 2023 அக்டோபர் இறுதியோடு ஓய்வு பெற்றது. இன்றைய கார்கள் பலவற்றில் வழுக்குகிற சக்கரத்தை கம்ப்யூட்டரே பிரேக் பிடித்து அடக்கிவிடுகிறது. மின்சார காரிலும் டிஃப்ரன்ஷியல் உண்டு, ஆனால் மாற்றிப் போட கியர் கிடையாது. “எனக்கு இருக்க காலம் வரைக்கும் பழைய வண்டி இருக்கும்” என்றார் அண்ணாச்சி, பச்சை விளக்கு விழுந்ததும்.

ஷிம் சரியாக உட்கார்ந்தது. புது சீல்கள், வழக்கமான கியர் எண்ணெய். மாலையில் மழை பிடித்துக்கொண்டது. இளைஞர் காரை எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் எங்கோ சுற்றிவிட்டு வந்தார். ஒரு பக்கச் சக்கரத்தை வேண்டுமென்றே ரோட்டோரச் சேற்றில் இறக்கி ஆக்ஸிலேட்டரை மிதித்தாராம். ஸ்டியரிங்கைச் சற்று இழுத்தது, ஆனால் கார் ஏறி வந்துவிட்டது. கியர் பாக்ஸிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. அண்ணாச்சி பேச்சை நம்பாமல் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு டீ சொன்னார்.

என் ஐந்தரைப் பக்கத்தை இளைஞர் கேட்கவில்லை; அவருக்கு அது பயன்படாது. அண்ணாச்சி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கருவிகள் மாட்டியிருக்கும் பலகையில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். பிறகு ஏதோ நினைவு வந்தவராய், கூட வேலை செய்யும் பையனைக் கைகாட்டினார். பையனுக்கு ஊர் உத்தரப் பிரதேசம். தமிழ் புரியும், படிக்கத் தெரிந்தது இந்தி மட்டும்.

“முழுசும் வேண்டாம். அந்த போல்ட் வரியை மட்டும் இவனுக்கு இந்தியில எழுதிக் குடுத்துருங்க தங்கச்சி.”

மார்க்கர் பேனா வாங்கி, உறையின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதினேன். இரண்டு வரி வந்தது.