ஒன்பது அங்குலத்தின் ஞாபகம்

துருப்பிடித்த ஒரு பிஸ்கெட் டின். ராம்பூரின் பழைய கடைத்தெருவில், மூன்று பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் பட்டறையில், கத்தி செய்யும் பெரியவர் அதைத் திறந்து உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்புகிறார். எல்லாம் தகரத் தகட்டில் வெட்டிய அச்சுகள். ஒன்று அலகு, ஒன்று பிடி, ஒன்று ஸ்பிரிங். அவருடைய தந்தை வெட்டியவை. அலகின் நீளம் 9 அங்குலம். "இதை இரும்பின் மேல் வைத்துக் கோடு போட்டு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது" என்கிறார்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் டெல்லியிலிருந்து வந்த ஓய்வு பெற்ற இன்ஜினீயர். மடியில் கிராஃப் பேப்பர், சட்டைப் பையில் பென்சில். அவருக்கு வேண்டியது ஒரு பெரிய ராம்பூரி மடக்குக் கத்தி. அது அவருடைய அப்பாவிடம் இருந்த மாதிரியே இருக்க வேண்டும்.

அப்பா ரயில்வே கார்டு. ஜூன் மாதத்துச் சாயங்காலங்களில் முற்றத்தில் கட்டிலைப் போட்டு, வாளித் தண்ணீரில் ஊறிய மாம்பழங்களை அந்தக் கத்தியால்தான் நறுக்குவார். பழம் வருவதற்கு முன் சத்தம் வரும். கட், கட், கட், கட். நான்கு பல். பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். தொண்ணூறுகளில் ஒரு நாள் அப்பாவே அதைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்ப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்தார். ரசீது கேட்கவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் மாம்பழம் நறுக்கக் காய்கறிக் கத்திதான்.

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. டெல்லியிலிருந்து பரேலி போகும் வழியில், மொராதாபாதைத் தாண்டி இருக்கும் ராம்பூர் 1774-இல் உருவான நவாபுகளின் சமஸ்தானம். அபூர்வமான சுவடிகள் நிறைந்த ரஸா நூலகம் அங்கேதான் இருக்கிறது. ஹிந்துஸ்தானி சங்கீதத்தில் ஒரு கரானாவே இந்த ஊரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆனால் ஊரின் பெயரை நாடு முழுவதும் கொண்டு போனது கத்திதான். அறுபதுகள், எழுபதுகளின் ஹிந்திப் படங்களில் வில்லன் வாயைத் திறப்பதற்கு முன் அவன் கையில் ராம்பூரி திறந்துகொள்ளும். 1965-இல் வந்த 'வக்த்' படத்தில் ராஜ்குமார் கத்தியைப் பற்றிப் பேசும் காட்சி இன்றும் ரசிகர்களுக்கு மனப்பாடம். திரையில் கைதட்டல் வாங்கிய பொருள் தெருவில் ரத்தம் பார்க்கவும் செய்தது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1962-இன் விதிகளும் 9 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகை ஆயுதமாகக் கணக்கிட்டன. தொண்ணூறுகளில் உத்தரப் பிரதேச அரசு இன்னும் இறங்கி வந்து நாலரை அங்குலத்தில் கோடு போட்டது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று மிஞ்சியிருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இன்ஜினீயர் அலகின் அச்சைக் காகிதத்தில் வைத்துக் கோடு இழுக்கிறார். நுனிக்கு அருகே முதுகு லேசாகக் கீழே வளைகிறது. அழகுக்காகவா? "இல்லை சாஹேப். மடக்கும்போது நுனி பிடிக்குள் மறைய வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் குத்துவது சொந்தக்காரனின் தொடையைத்தான்."

அடுத்து பிடி. 9 அங்குல அலகு அடங்கப் பத்தரை அங்குலப் பிடி வேண்டும். திறந்தால் மொத்தம் பத்தொன்பது அங்குலத்துக்கு மேல். இவ்வளவு நீளமான கத்தி கையில் கனக்கக் கூடாது. அதனால் பிடியின் தலைப்பில், ஆணிக்குப் பின்னால் கனமான பித்தளை. மற்ற இடத்தில் எருமைக் கொம்பு. ஆள்காட்டி விரலின் மேல் வைத்தால் கத்தி தராசு முள் மாதிரி நிற்க வேண்டும். பெரியவர் ஒரு மரச் சட்டத்தை விரலில் நிறுத்திக் காட்டுகிறார். கை நடுங்குகிறது, சட்டம் விழவில்லை.

அலகின் அடியில், கூர் ஆரம்பிக்கும் இடத்துக்கு முன்னால், சிறிய மேடு ஒன்று இருக்கிறது. இன்ஜினீயர் அதை வெட்டியவரின் கைப்பிசகு என்று நினைத்தார். பெரியவர் சிரிக்கிறார். கத்தி மூடும்போது ஸ்பிரிங்கில் போய் உட்காருவது அந்த மேடுதான். அது இல்லாவிட்டால் கூர் ஒவ்வொரு தடவையும் இரும்பில் மோதும். பத்தே நாளில் ஓரிடத்தில் மழுங்கிவிடும். "திறப்பதைப் பார்த்து வாங்குகிறவன் ஏமாறுவான். மூடுவதைப் பார்த்து வாங்க வேண்டும்."

உயிர்நாடி 'கட்கா' என்கிற பூட்டு. ஆணிக்கும் பூட்டுப் பல்லுக்கும் நடுவே அரை அங்குலம்தான். அலகோ 9 அங்குலம். இன்ஜினீயர் மனக்கணக்குப் போடுகிறார்: நுனியில் ஒரு கிலோ அழுத்தினால் பல்லில் பதினெட்டு கிலோ. பல் வழுக்கினால் அலகு விரல்களின் மேல் மூடும். பெரியவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் பல்லை அரத்தால் எவ்வளவு தேய்க்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியும். லாரியின் பழைய கமான் பட்டையைக் காய்ச்சி அடித்து, எண்ணெயில் முக்கி, மறுபடி இளஞ்சூட்டில் காட்டும்போது அலகு வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். ஸ்பிரிங் நீல நிறம் வரை போகலாம். வைக்கோல் நிறத்தில் எடுத்த ஸ்பிரிங் ஒடியும். நீலத்துக்குப் போன அலகு கூர் தாங்காது.

"இதையே பாதியாகக் குறைத்துச் செய்தால் என்ன, உஸ்தாத்?"

"அது பாதிக் கத்தி இல்லை சாஹேப். வேறு கத்தி."

இன்ஜினீயருக்கு இது புரிகிறது. அதே தடிமனில் ஸ்பிரிங்கின் நீளத்தைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகவே மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் சத்தமும் மெலிந்துவிடும். பெரியவரின் மகன் சாணைக்கு அருகில் உட்கார்ந்து நாலரை அங்குலக் கத்தி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். திறந்து காட்டுகிறான். டிக். ஒரே ஒரு பல். சுத்தமான வேலை. முப்பது வயதாகும் அவன் பெரிய கத்தி ஒன்றைக்கூடச் செய்ததில்லை. செய்யத் தெரியாது என்று சொல்ல அவனுக்கு வெட்கமும் இல்லை. சிறியதைச் செய்து பெரியதைக் கற்றுக்கொள்ள முடியாது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

கடைசியில் இன்ஜினீயர் கேட்டே விடுகிறார். "ஒன்றே ஒன்று. சுவரில் மாட்டத்தான். கூர்கூட வேண்டாம். என்ன விலையானாலும் சரி."

பெரியவர் பதில் சொல்லாமல் சுவரைப் பார்க்கிறார். கண்ணாடிச் சட்டத்துக்குள் லைசென்ஸ். "அந்தக் காகிதம் போனால் இவனுக்கு டிக் சத்தமும் மிஞ்சாது."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பெரியவரே பேச்சை மாற்றுகிறார். வரும் வழியில் நாற்சந்தியில் அந்தக் கத்தியைப் பார்த்தீர்களா? பார்த்தார். 2023 மார்ச்சில் ரூ. 50 லட்சத்துக்கும் மேல் செலவில் நிறுவிய சிலை. சுமார் 20 அடி உயரத்துக்கு வானத்தைப் பார்த்து நிற்கும் ராம்பூரி. வெளியூர்க்காரர்கள் அதன் அடியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து அங்குலம் செய்தால் வழக்கு; இருபது அடி நின்றால் பெருமை. பெரியவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஊருக்குக் கத்தி ஞாபகம் இருக்கிறதே என்று அவருக்குத் திருப்திதான். ஒரே ஒரு குறை. "அது மடங்காது, சாஹேப்."

ஸ்பெயினில் அல்பாசெத்தே என்ற ஊர் உண்டு. நவாஹா என்ற மடக்குக் கத்திக்குப் பேர்போனது. அதுவும் பல்பல்லாகச் சத்தம் போட்டுத் திறக்கும். அதற்கும் அந்தக் காலத்தில் தடைகள் வந்தன. இன்று அந்த ஊரில் கத்திகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய வேலைப்பாட்டைப் போய்ப் பார்க்கலாம். ராம்பூரின் பெரிய கத்திக்கு இந்தப் பட்டறையில் இருப்பது பிஸ்கெட் டின்தான். தகரத்தில் உருவம் இருக்கிறது. எங்கே மேடு, எங்கே கனம், எந்த நிறத்தில் எடுப்பது என்பதெல்லாம் எழுபதைத் தாண்டிய ஒருவரின் கைகளில் இருக்கின்றன.

இன்ஜினீயர் வரைபடத்தை முடிக்கும்போது விளக்கு ஏற்றியாகிவிட்டது. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் அளவு, அளவுக்குக் கீழே காரணம். நாலரை அங்குலத்தில் ஒன்றை விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறார். எழுந்திருக்கும்போது பெரியவர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்: அந்தப் படத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போக முடியுமா?

அவர் தரவில்லை. மறுபடி உட்கார்ந்து இன்னொரு தாளில் பிரதி எடுக்கிறார். இந்த முறை தாளை நகராமல் பிடித்துக்கொள்ள மகன் பக்கத்தில் வந்து உட்கார்கிறான். பாதியில் பல்லைச் சுட்டிக்காட்டித் தகப்பனிடம் கேட்கிறான்: "நான்காவது பல் மட்டும் ஏன் ஆழமாக இருக்கிறது?"

பெரியவர் சொல்லத் தொடங்குகிறார். சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆகிறது.

தாள் டின்னைவிடப் பெரியது. மடித்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. மடித்து வைப்பது அந்தப் பட்டறைக்குப் புதிய வேலை இல்லை.